விட்ட இடம் எங்கே? பில் என்ட்ரிக்கு நடுவே வரும் குறுக்கீட்டைச் சமாளிக்கும் வழி

ஒரு பர்ச்சேஸ் பில், ஏழு அயிட்டம். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பர்ச்சேஸ் பதிவுக்கான எஃப்9 தட்டி, சப்ளையரின் பில் நம்பரும் தேதியும் போட்டு, நான்காவது அயிட்டத்துக்கு எண்ணிக்கை 24 என்று அடித்தாயிற்று. அடுத்து விலை. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்: "அந்த செக் பாஸ் ஆயிடுச்சாப்பா?" தலையைத் திருப்பி "ஆயிடுச்சு சார்" என்கிறீர்கள். மூன்று விநாடிக்கு மேல் ஆகியிருக்காது. கர்சர் அதே கட்டத்தில்தான் துடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் காகிதத்துக்குத் திரும்பிய கண் ஐந்தாவது வரியில் போய் உட்காருகிறது. ஐந்தாவது அயிட்டத்தின் விலை நான்காவதன் தலையில் ஏறிவிடுகிறது.

கடைசியில் பில் தொகையோடு ஒத்துப் பார்த்தால் இது மாட்டிக்கொள்ளும். பில் நம்பர் அடிக்கும்போது அதே குரல் வந்திருந்தால்? 1874 என்பது 1847 ஆகிவிட்டால் எந்தக் கூட்டுத்தொகையும் அதைக் காட்டிக்கொடுக்காது. அடுத்த மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல்) வந்து, அதோடு பர்ச்சேஸ் பதிவுகளை ஒப்பிடும்போதுதான் "இந்த பில் எங்கே போச்சு?" என்ற தேடல் ஆரம்பமாகும். மூன்று விநாடிக் கடனுக்கு அரை மணி நேர வட்டி.

கணக்கு, பில்லிங், டேட்டா என்ட்ரி வேலைகளுக்குப் புதிதாக வந்திருப்பவர்களை நினைத்து எழுதப்பட்டது இது. உதாரணங்கள் பில் என்ட்ரியிலிருந்து வந்தாலும், எக்ஸெலில் நீளமான பட்டியல் சரிபார்ப்பவருக்கும், ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பித் தருபவருக்கும் சிக்கல் இதேதான்.

மூன்று விநாடியில் எது தொலைகிறது?

நேரம் தொலைவதில்லை, விட்ட இடம் தொலைகிறது. வரிசையாகச் செய்யும் எந்த வேலையிலும் "இப்போது இதில் நிற்கிறேன், அடுத்தது அது" என்ற குறிப்பு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் குறிப்பை உயிரோடு வைத்திருப்பது நாம் அதைப் பயன்படுத்திக்கொண்டே இருப்பதுதான். கவனம் வேறு பக்கம் போனதும் அது மங்கத் தொடங்குகிறது. திரும்பி வரும்போது, சரியான படியும் அதற்கு முந்தைய பிந்தைய படிகளும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு நிற்கும். மனம் அவற்றில் ஒன்றைத் தூக்கிக் கொடுக்கும், அதுவும் சந்தேகமே இல்லாமல். அதனால்தான் தப்பான வரியிலிருந்து தொடங்கும்போதும் நமக்கு உறுத்துவதே இல்லை.

எரிக் ஆல்ட்மன், கிரெகரி டிராஃப்டன், சாக் ஹாம்ப்ரிக் மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் சில படிகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். நடுநடுவே வேலையை மறைத்து, திரையில் தோன்றும் இரண்டு எழுத்துகளை மட்டும் தட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான் குறுக்கீடு. சராசரியாக 2.8 விநாடி எடுத்த அந்தக் குறுக்கீடே வரிசைப் பிழைகளை இரட்டிப்பாக்கியது. 4.4 விநாடி ஆனபோது பிழை மும்மடங்கு. "ஒரு செகண்ட்தானே கேட்டேன்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளந்தவர்களுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரிந்திருந்தது. ஒன்றுக்கு "லாபம்" என்று சொல்லி ஆரம்பித்து, அடுத்த மரக்கால் நிரம்பும்வரை அந்த எண்ணையே ராகம் போட்டு இழுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடுவில் யார் எது பேசினாலும் எண்ணிக்கை வாயிலேயே இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். குறுக்கீடு எவ்வளவு நீளம் என்பதைவிட, அது கையிலிருக்கும் வேலையைப் போலவே இருக்கிறதா என்பது முக்கியம். 1989-ல் டோனி கில்லி, டொனால்ட் பிராட்பெண்ட் இருவரும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தபோது கண்டது இது. எண்களை அடித்துக்கொண்டிருப்பவரிடம் "டீ வேணுமா?" என்று கேட்பது ஒரு ரகம், "அந்த பார்ட்டி போன் நம்பர் என்ன?" என்பது வேறு ரகம். இரண்டாவது, மனதில் எண் இருந்த இடத்திலேயே வந்து உட்காருகிறது.

படி 1: உயிரெழுத்தை வைத்து ஒரு சோதனை

படித்து நம்புவதைவிட ஐந்து நிமிடம் செய்து பார்ப்பது நல்லது. காகிதம், பேனா, போனில் ஸ்டாப்வாட்ச் போதும்.

முதலில் அ முதல் ஔ வரை 12 எழுத்துகளை எழுதி, தொடர்ந்து 3, 6, 9 என்று 36 வரை 12 எண்களை எழுதுங்கள். நேரத்தைக் குறியுங்கள். பிறகு அதே 24-ஐ மாற்றி மாற்றி: அ, 3, ஆ, 6, இ, 9... நேரத்தைக் குறியுங்கள். நேரம் பார்க்காமல் இரண்டு வகையையும் ஒருமுறை பழகிக்கொண்டு, அப்புறம் மும்மூன்று தடவை செய்து, நடுவில் வரும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியது இரண்டிலும் ஒன்றேதான். வித்தியாசம் தாவலில் மட்டும்: முதல் வகையில் எழுத்திலிருந்து எண்ணுக்கு ஒரே ஒரு தாவல், இரண்டாவதில் 23. ஆக, நேர வித்தியாசத்தை 22-ஆல் வகுத்தால் ஒரு தாவலுக்கு நீங்கள் கொடுக்கும் விலை கிடைக்கும். முதலாவது 30 விநாடி, இரண்டாவது 52 விநாடி என்று வைத்துக்கொண்டால், தாவல் ஒன்றுக்கு ஒரு விநாடி. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்ட் 1927-லேயே இப்படிப் பட்டியல்களை வைத்துத்தான் தாவலின் விலையை அளந்தார்.

பக்கத்தில் ஆள் இருந்தால் இன்னும் இரண்டு சுற்று. ஒன்றில், நீங்கள் "எ" பக்கம் வரும்போது "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்கச் சொல்லுங்கள். அடுத்ததில் அதே இடத்தில் "நாலேழு எவ்வளவு?" என்று கேட்கட்டும். எதில் பேனா அதிக நேரம் நின்றது என்று பாருங்கள்.

படி 2: இரண்டு நாள் கோடு போடுங்கள்

கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள். மணிவாரியாகப் பிரித்து, குறுக்கீடு வரும்போதெல்லாம் ஒரு எழுத்து: வெளியிலிருந்து வந்தால் "வெ", நீங்களே போய் வாட்ஸ்அப்போ மெயிலோ பார்த்தால் "நா". அதற்கு மேல் எழுதாதீர்கள். யார் வந்தார், என்ன கேட்டார் என்று எழுத ஆரம்பித்தால் அந்தத் தாளே பெரிய குறுக்கீடாகிவிடும். ஒன்று சாதாரண நாளாகவும், இன்னொன்று ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனை விவரம் தாக்கல் செய்யும் 11-ஆம் தேதிக்கு முந்தைய நாள் போல நெருக்கடியான நாளாகவும் இருக்கட்டும்.

பலருக்கு "நா" வரிசைதான் அதிர்ச்சி தரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் குழுவினர் அலுவலகப் பணியாளர்கள் பின்னாலேயே இருந்து குறித்ததில், வேலை மாறுவதில் ஏறக்குறைய பாதி, யாரும் கூப்பிடாமல் அவர்களே செய்தது. கூப்பிட்ட மேனேஜரைக் குறை சொல்லும் முன் தாளைப் பார்த்துவிடுங்கள்.

"நா" எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும்போது, போர்ட்டலில் ஃபைல் ஏறும்போது, அல்லது புரியாத ஒரு பில் வந்து கை நிற்கும்போது. காத்திருக்கும் அந்தப் பத்து விநாடியில் கை தானாகப் போனுக்குப் போகும். அந்த நேரத்துக்கு வேலையோடு ஒட்டிய சின்னக் காரியம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்த பில்லின் தேதியையும் மொத்தத் தொகையையும் பென்சிலால் வட்டமிடுவது போல.

படி 3: குழாயை மூடுங்கள்

இது எளிது, ஒரே தடவை பத்து நிமிட வேலை.

விண்டோஸ் 11-ல் விண்டோஸ் விசையோடு என் தட்டினால் வரும் பலகையில் மணிச் சின்னம் இருக்கும். அதைத் தட்டினால் டூ நாட் டிஸ்டர்ப். செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் வழியாகப் போனால் தினமும் 10 மணி முதல் 12 மணி வரை தானாக அமலாகும்படி நேரமும் குறிக்கலாம். விண்டோஸ் 10-ல் இதற்குப் பெயர் ஃபோகஸ் அசிஸ்ட். பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் பகுதிக்குள் புது மெயில் வந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு நான்கு டிக் இருக்கும்: ஒலி, மவுஸ் குறி மாறுவது, உறைச் சின்னம், மூலையில் எட்டிப்பார்க்கும் பெட்டி. நான்கையும் எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் வெப்பை மியூட் செய்தால் மட்டும் போதாது. பிரவுசர் தாவலின் தலைப்பில் (3), (4) என்று எண் ஏறிக்கொண்டே இருக்கும். ஜிஎஸ்டி போர்ட்டல் பக்கத்துத் தாவலில் திறந்திருந்தால் கண் அதில்தான் போய் விழும். அந்தத் தாவலை மூடிவிடுங்கள், அல்லது வேறு சாளரத்தில் திறந்து மினிமைஸ் செய்யுங்கள். குரூப்களுக்கு 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று மியூட் உண்டு. காலை வணக்கம் வரும் குரூப்களுக்கு மூன்றாவதே சரி.

"வீட்டிலிருந்து அவசரம்னு கூப்பிட்டா?" என்ற பயத்தில்தான் பலர் போனை மௌனமாக்குவதில்லை. ஆண்ட்ராய்டின் டூ நாட் டிஸ்டர்பில் ஸ்டார் போட்ட எண்களை மட்டும் விடச் சொல்லலாம். அதோடு, ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். ஐபோனில் இது 3 நிமிடம். வீட்டில் சொல்லிவைத்துவிடுங்கள்: அவசரம் என்றால் ரெண்டு தடவை அடிங்க.

போனை எடுக்காமல் விட்டாலே போதாதா? போதாது. 2015-ல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோட்ஹார்ட்டும் சகாக்களும் நடத்திய சோதனையில், போனைத் தொடாமல் அது அதிர்ந்ததையோ ஒலித்ததையோ உணர்ந்தவர்களுக்கே, கவனம் தேவைப்பட்ட வேலையில் பிழை கூடியது. மனம் போனை எடுத்துப் பேசிவிட்டு வந்துவிடுகிறது, கை மட்டும் போவதில்லை.

படி 4: குறுக்கீட்டை எல்லைக்குத் தள்ளுங்கள்

மூடமுடியாத குழாய்களும் உண்டு. முதலாளி, கவுண்டரில் நிற்கும் வாடிக்கையாளர், லாரி டிரைவர். இவர்களை நிறுத்த முடியாது. சில விநாடி தள்ளிவைக்கலாம். அந்தச் சில விநாடியில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரையன் பெய்லி, ஜோசப் கான்ஸ்டன் இருவரின் 2006 ஆய்வு இதை நேராக அளந்தது. ஒரே குறுக்கீட்டை, வேலையின் நட்டநடுவில் ஒருமுறையும், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையிலுள்ள எல்லையில் ஒருமுறையும் கொடுத்தார்கள். நடுவில் வந்தபோது, எல்லையில் வந்ததைவிட வேலைக்கு 3 முதல் 27 சதவீதம் கூடுதல் நேரம், இரண்டு மடங்கு பிழை, 31 முதல் 106 சதவீதம் கூடுதல் எரிச்சல். குறுக்கிட்டது அதேதான், விழுந்த இடம்தான் வேறு.

பில் என்ட்ரியில் எல்லைகள் எங்கே? ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு எடுக்கும் இடம் மிக நல்லது. ஒரு பில் முடிந்து அடுத்தது எடுக்கும் இடம் நல்லது. ஒரு அயிட்டத்தின் தொகை விழுந்து கர்சர் அடுத்த வரிக்கு வந்த இடம் பரவாயில்லை. எண்ணிக்கைக்கும் விலைக்கும் இடையே மோசம். ஓர் எண்ணின் நடுவே இருப்பது படுமோசம். புது சப்ளையருக்கு லெட்ஜர் திறந்து, தமிழ்நாட்டின் குறியீடான 33-ல் தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணின் ஒன்பதாவது எழுத்தில் இருக்கும்போது யாருக்கும் பதில் சொல்லாதீர்கள்.

கை மட்டும் உயர்த்தி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "ஒரு நிமிஷம்ண்ணே, இந்த வரி முடிச்சிடுறேன்" என்று சொல்லப் பழகுங்கள். ஐந்து முதல் எட்டு விநாடி போதும். இது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று புதியவர்கள் தயங்குவார்கள். அந்த வரியை முடித்து, நாற்காலியை முழுதாகத் திருப்பி, "சொல்லுங்கண்ணே" என்றால் கேட்பவருக்கும் திருப்தி, பாதிக் கவனத்தில் தலையாட்டிவிட்டு மறுபடி "என்ன சொன்னீங்க?" என்று கேட்பதைவிட இது மரியாதை.

படி 5: போகும்முன் குறி வையுங்கள்

இங்கேதான் புதியவருக்கும் பழகியவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பழைய கணக்குப்பிள்ளைகள் எழுந்திருக்கும்முன் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

குறி கண்ணில் அடிக்க வேண்டும். டிராஃப்டன் குழுவினர் 2005-ல், குறுக்கீட்டிலிருந்து திரும்புபவர்களுக்கு அவர்கள் கடைசியாகச் செய்த இடத்தைத் திரையில் காட்டிப் பார்த்தார்கள். சிலருக்குப் பெரிய சிவப்பு அம்பு; சிலருக்கு, மவுஸ் குறியே விட்ட இடத்தில் நிற்கும். சிவப்பு அம்பு உதவியது. மவுஸ் குறியால் பயன் இல்லை. கர்சர் துடிக்கிறதே, போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதுவும் கர்சர் திரையில் இருக்கிறது. நீங்கள் தொலைப்பது பெரும்பாலும் காகிதத்தில்.

மூன்று அளவில் குறி வைக்கலாம்.

சில விநாடிக் குறுக்கீடு என்றால் இடது கை விரலை பில்லின் அந்த வரியிலேயே ஊன்றி வையுங்கள். பேசி முடிக்கும்வரை எடுக்காதீர்கள். அற்பமாகத் தெரியும், ஆனால் இதைவிட மலிவான கருவி கிடையாது. கால்குலேட்டரும் மவுஸும் வலது பக்கம், பில் இடது பக்கம் என்று மேசையை அமைத்துக்கொண்டால்தான் இது முடியும்.

எழுந்து போகவேண்டும் என்றால், முடித்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு, அதன் மேல் ஸ்கேல். கூடவே ஸ்டிக்கி நோட்டில் அடுத்து செய்யவேண்டியது. "பில் 1874, 4-வது அயிட்டம் விலை அடிக்கணும்" என்று எழுதுங்கள். "4-வது வரை ஆச்சு" என்று எழுதினால் நான்காவதும் சேர்த்தா, சேர்க்காமலா என்று திரும்பி வந்ததும் குழப்பம். செய்ததை எழுதாமல் செய்யப்போவதை எழுத வேண்டும். இந்தக் குறிப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. விட்டுவந்த வேலை மனதில் ஒட்டிக்கொண்டு புது வேலையைக் கெடுப்பதை சோஃபி லெரோய் 2009-ல் ஆராய்ந்தார். போகும்முன் சுருக்கமாக இப்படி எழுதிவைத்தவர்கள் குறுக்கே வந்த வேலையையும் நன்றாகச் செய்தார்கள் என்று 2018-ல் தெரெசா குளோம்புடன் சேர்ந்து காட்டினார்.

அந்த வவுச்சரையே, அதாவது டேலியில் போட்டுக்கொண்டிருக்கும் பதிவையே, மூடவேண்டிய நிலை வந்தால் எஸ்கேப் தட்டி "எஸ்" கொடுத்துவிடாதீர்கள், அடித்ததெல்லாம் போய்விடும். வேறு ஏதோ ஒரு லெட்ஜர் பாக்கியைப் பார்த்துச் சொல்வதற்காக மட்டும் என்றால், டேலிபிரைமில் ஆல்ட்-ஜி தட்டி அதைத் திறந்து பார்த்துவிட்டு எஸ்கேப்பில் திரும்பினால் பாதி வவுச்சர் அப்படியே இருக்கும். உண்மையிலேயே பாதியில் சேமிக்கவேண்டி வந்தால் கன்ட்ரோல்-எல் தட்டி அதை ஆப்ஷனல் வவுச்சர் ஆக்கி, நரேஷனில் "5-வது அயிட்டத்திலிருந்து பாக்கி" என்று எழுதி, கன்ட்ரோல்-ஏ கொடுத்துச் சேமியுங்கள். ஆப்ஷனல் வவுச்சர் கணக்கைத் தொடாது. ஆபத்தும் அதில்தான்: மறந்துவிட்டால் அந்த பில் கணக்குக்கே வராது. சாயங்காலம் கிளம்பும்முன் எக்ஸெப்ஷன் ரிப்போர்ட்ஸில் ஆப்ஷனல் வவுச்சர் பட்டியலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள முடியாதவர்கள் இந்த வழியையே எடுக்க வேண்டாம்.

திரையில் இன்னொரு எச்சரிக்கை. 2007-ல் ஷம்சி இக்பால், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 27 பேரின் கணினிகளை இரண்டு வாரம் கவனித்தார்கள். அறிவிப்பு வந்து வேலையை விட்டவர்கள் அதில் சராசரியாக 10 நிமிடம் செலவிட்டு, அப்புறம் மறுபடி வேலையில் ஊன்ற 10 முதல் 15 நிமிடம் எடுத்தார்கள். விட்ட வேலையின் சாளரம் மற்ற சாளரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தால் திரும்புவது தாமதமானது. கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் சீக்கிரம். எனவே நடுவில் மெயில் திறந்தால் முழுத்திரைக்குத் திறக்காதீர்கள். விண்டோஸ் விசையோடு வலது அம்புக்குறி தட்டினால் அது பாதித் திரையில் ஒதுங்கிக்கொள்ளும். டேலி மறுபாதியில் தெரிந்துகொண்டே இருக்கட்டும்.

படி 6: திரும்பும்போது இரண்டு அடி பின்னால்

வந்து உட்கார்ந்ததும் கை ஓடத் துடிக்கும். பொறுங்கள். குறி இருந்தாலும் கடைசியாக அடித்த இரண்டு கட்டங்களைக் காகிதத்தோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்ததை அடியுங்கள். நான்கைந்து விநாடிதான். பிழை பெரும்பாலும் திரும்பிய பிறகு அடிக்கும் முதல் ஒன்றிரண்டு கட்டத்தில்தான் விழுகிறது என்பதால் இந்தச் செலவு கட்டுப்படியாகும்.

எண்ணின் நடுவில் விட்டிருந்தால் ஒட்டுப்போடாதீர்கள். ஒன்பது இலக்கம் சரியாக இருக்கிறது, மீதி ஆறுதானே என்று தோன்றும். அழித்துவிட்டு முதலிலிருந்து அடியுங்கள்.

பத்து நிமிடத்துக்கு மேல் போயிருந்தால் அந்த பில்லையே முதல் வரியிலிருந்து டிக் அடித்துக்கொண்டு வாருங்கள். அதற்கு மேல் விதி எதுவும் தேவையில்லை.

படி 7: முடிந்த பிறகுள்ள ஒரு வேலை

போட்டோகாப்பி எடுத்தவர் நகலோடு போய்விடுவார், ஒரிஜினல் மிஷினிலேயே இருக்கும். வந்த காரியம் முடிந்துவிட்டது என்று மனம் கணக்கை மூடிவிடுவதால், அதற்குப் பின்னால் மிச்சமிருக்கும் சின்ன வேலை உதிர்ந்துவிடுகிறது. பல ஏடிஎம்களில் பணத்துக்கு முன்பே கார்டை வெளியே தருவது இதனால்தான். பணம் முதலில் வந்தால் கார்டு அங்கேயே தங்கிவிடும். அந்தக் கடைசிப் படிக்குச் சற்று முன் குறுக்கீடு வந்தால் மறதி இன்னும் கூடுகிறது.

பில் என்ட்ரியில் அந்தக் கடைசிப் படி, போட்ட பில்லில் "போட்டாச்சு" என்று குறிப்பது. கன்ட்ரோல்-ஏ தட்டிய அடுத்த கணம் போன் அடித்தால் டிக் விழாது. திரும்பி வந்து அதே பில்லை இரண்டாம் முறை போடுவீர்கள். சப்ளையர் கணக்கில் பாக்கி இரட்டிப்பாகத் தெரியும். முன்கூட்டியே டிக் போட்டுவிட்டு அப்புறம் சேமிக்கலாமே என்றால், அது இன்னும் மோசம்: நடுவில் ஏதாவது வந்தால் போடாத பில், போட்ட கட்டில் சேர்ந்துவிடும். இரட்டைப் பதிவையாவது தேடிப் பிடிக்கலாம். காணாமல் போனதைச் சப்ளையர் கேட்டால்தான் தெரியும்.

வழி இருக்கிறது. டிக் போடுவதற்குப் பதில் டேலி தரும் வவுச்சர் எண்ணை பில்லின் வலது மேல் மூலையில் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். எழுதிய பில்லைக் குப்புறக் கவிழ்த்து இடது தட்டில் வையுங்கள். கையில் ஒரு பில். நிமிர்ந்து கிடப்பது பாக்கி, கவிழ்ந்து கிடப்பது முடிந்தது. குறுக்கீட்டுக்குப் பிறகு எண் இல்லாத பில் கையில் இருந்தால், அடிக்க ஆரம்பிக்கும்முன் டேலியில் டே புக் (அன்றைய பதிவுகளின் பட்டியல்) திறந்து கடைசிப் பதிவைப் பாருங்கள். அது இந்த பில்தானா இல்லையா என்று ஐந்து விநாடியில் தெரிந்துவிடும்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை

எல்லாக் கலவையும் கெடுதல் இல்லை. வார்த்தை இல்லாத இசை கேட்டுக்கொண்டு அடிப்பது பெரும்பாலோருக்குப் பாதகமில்லை. பழைய பில்களுக்குத் துளை போட்டு ஃபைலில் கோர்த்துக்கொண்டே போன் பேசலாம். பார்ட்டியோடு பாக்கித் தொகை பேசிக்கொண்டே தொகைகளை அடிப்பது மட்டும் கூடவே கூடாது. இரண்டும் எண்களுக்காக மனதின் ஒரே மூலையில் அடித்துக்கொள்ளும். பேசும்போது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். தொகை சொன்னால் காகிதத்தில் எழுதுங்கள், டேலியில் வேண்டாம்.

மற்றவர்களோடு ஒரு ஏற்பாடு

விமானத்தில் 10,000 அடி உயரத்துக்குக் கீழே, விமானிகள் அறையில் பறப்புக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1981-ல் விதி போட்டது. புறப்படுவதும் இறங்குவதும் ஆபத்தான கட்டம் என்பதால். நாள் முழுக்க வாயை மூடச் சொல்லவில்லை. அலுவலகத்திலும் அந்த அளவுதான் கேட்க முடியும். "காலை 10 முதல் 11:30 வரை பர்ச்சேஸ் என்ட்ரி, அவசரம் தவிர எல்லாம் 11:30-க்கு" என்று மேலாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். காரணமாக ஆய்வு முடிவைச் சொல்லாதீர்கள். போன மாதம் 2பி-யில் ஒத்துப்போகாத பில்களின் பட்டியலைக் காட்டுங்கள்.

மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் 11:30, 2:30, 5 என்று மூன்று வேளை வைத்துப் பாருங்கள். கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் இருவரும் 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று தடவை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் இஷ்டம்போல. மூன்று தடவை வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது (2015). கவுண்டரில் வாட்ஸ்அப் ஆர்டர் எடுப்பவருக்கு இது ஒத்துவராது. அவர் என்ட்ரியையே கூட்டம் இல்லாத நேரத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

இணையத்தில் சுற்றும் இரண்டு கணக்கு

"ஒருமுறை கவனம் சிதறினால் திரும்ப 23 நிமிடம்" என்று எங்கும் பார்ப்பீர்கள். குளோரியா மார்க் குழுவினரின் கள ஆய்விலிருந்து கிளம்பிய எண் இது. விட்ட வேலைக்கு அதே நாளில் திரும்பியவர்கள் சராசரியாக இருபது சொச்சம் நிமிடம் கழித்துத் திரும்பினார்கள். இடையில் வேறு இரண்டு வேலைகளையாவது பார்த்திருந்தார்கள். மூளை சூடாக 23 நிமிடம் ஆகும் என்று அதற்குப் பொருள் இல்லை. சரியான குறி வைத்தால் சில விநாடியில் திரும்பலாம்.

இன்னொன்று, "குறுக்கீடு வந்தால் வேலை தாமதமாகும்." எப்போதும் அப்படி இல்லை. அதே மார்க், டானியெலா குடித், உல்ரிச் குளோக்கே மூவரின் 2008 ஆய்வில் குறுக்கீடு வந்தவர்கள் மெயில்களுக்குப் பதில் எழுதும் வேலையைச் சீக்கிரமே முடித்தார்கள். போன நேரத்தை ஈடுகட்ட வேகம் பிடித்தார்கள். ஆனால் பதட்டமும் எரிச்சலும் கூடியிருந்தன. வேகத்தை மட்டும் பார்த்து "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று முடிவுகட்ட வேண்டாம். ஆறு மணிக்குத் தலை எப்படி இருக்கிறது என்பதும் கணக்கில் வரும்.

ஒரு வாரம் கழித்து அளப்பது

20 பழைய பில்களை எடுத்து ஐந்தைந்தாக நான்கு கட்டாகப் பிரியுங்கள். மொத்த அயிட்டம் நான்கிலும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். டேலியில் தனியாக ஒரு சோதனை கம்பெனி திறந்துகொள்ளுங்கள். உண்மைக் கணக்கில் விளையாட வேண்டாம். வீட்டில் எஜுகேஷனல் மோடில் (லைசென்ஸ் இல்லாமல் பழகுவதற்கான டேலி) செய்தால் அது எல்லாத் தேதியையும் ஏற்காது. எல்லா பில்லுக்கும் 1-ஆம் தேதியே போடுங்கள்.

முதல் கட்டும் நான்காவது கட்டும் குறுக்கீடு இல்லாமல். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பில்லுக்கு ஒரு கேள்வி, எண்ணிக்கைக்கும் விலைக்கும் நடுவே, நண்பர் கேட்க வேண்டும். இரண்டாவதில் குறி எதுவும் வைக்காதீர்கள். மூன்றாவதில் விரல் ஊன்றி, திரும்பியதும் இரண்டு கட்டம் ஒப்பிடுங்கள். குறுக்கீடு இல்லாத கட்டுகளை இரு முனையிலும் வைப்பதற்குக் காரணம், போகப்போகக் கை பழகுவதும் களைப்பதும் கணக்கைக் கோணலாக்காமல் இருக்க. விரலால்தான் பிழை குறைந்ததா, பழகியதாலா என்று சந்தேகம் இருந்தால், இன்னொரு நாள் வேறு 20 பில்களோடு இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிச் செய்யுங்கள்.

ஒவ்வொரு கட்டுக்கும் மூன்று எண்: கேள்விக்குப் பதில் சொன்ன நேரத்தைக் கழித்த மொத்த நேரம், பதில் சொல்லி முடித்ததிலிருந்து முதல் சரியான கட்டம் அடிக்க ஆன விநாடி, பிழைகள். பிழையை நீங்கள் எண்ணாதீர்கள், நண்பர் பில்லோடு ஒப்பிட்டு எண்ணட்டும். நான்கு கட்டிலும் பிழை பூஜ்ஜியம் என்று வந்தால் எடுத்த பில்கள் மிகச் சின்னவை. ஏழு எட்டு அயிட்டம் உள்ளவையாக, ஒரே மாதிரிப் பெயரில் அளவு மட்டும் மாறும் ஹார்டுவேர் கடை பில்களாகப் பார்த்து எடுத்து மறுபடி செய்யுங்கள்.